அல்பாக்கா வாங்கலையோ, அல்பாக்கா!

அல்பாக்கா என்றால் நம்மூர்ப் பழைய ஆட்களுக்குத் துணிதான் ஞாபகம் வரும். கறுப்பு அல்பாக்கா கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போன வக்கீல்களும், அதே கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கணக்கெழுதிய குமாஸ்தாக்களும் பிரிட்டிஷ் காலத்தில் நிறையப் பேர். அது ஒரு மிருகத்தின் பெயர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ! இப்போது நிலைமை தலைகீழ். துணியை யாருக்கும் தெரியாது, மிருகத்தை எல்லோருக்கும் தெரியும். நீண்ட கழுத்து, நெற்றியில் விழும் பஞ்சுக் குடுமி, எப்போதும் எதையோ யோசிக்கிற மாதிரி முகம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்வெளி இருந்தால் மூன்று, நான்கு அல்பாக்காக்களை வாங்கி விட்டு, பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள்.

பெரு நாட்டு மலைமேல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிப் பிராணி வெள்ளைக்காரர் வீட்டுக் கொல்லையில் செல்லப் பிராணி ஆனது எப்படி? அழகாக இருக்கிறது, அதனால் வளர்க்கிறார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் தேடிப் படித்துப் பார்த்தால், இது பெரும்பாலும் எங்கள் பி.காம். பாடத்துக்குள்ளேயே வந்து விழுகிற கதை. விலை, தரைவிலை, ஏகபோகம், வரிக்கழிவு எல்லாம் இதில் உண்டு.

முதலில் உறவுமுறை. தென் அமெரிக்காவில் ஒட்டக இனத்தில் நான்கு பிராணிகள்: காட்டில் திரிவது குவானாகோ, விகுன்யா இரண்டும், மனிதன் பழக்கியது லாமா, அல்பாக்கா இரண்டும். (இந்த லாமாவுக்கும் திபெத்துக்கும் சம்பந்தமில்லை.) லாமா பெரியது, சுமை தூக்கும். அல்பாக்கா சிறியது, ஐம்பதிலிருந்து எண்பது கிலோ வரை இருக்கும், ரோமத்துக்காக வளர்க்கப்படுவது. அல்பாக்காவும் லாமா வகையறாதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2001ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதன் மூதாதை விகுன்யா என்று காட்டியது; அறிவியல் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆண்டிஸ் மலைகளில் ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் இவற்றைப் பழக்கிவிட்டான் என்பதற்கு மத்தியப் பெருவிலுள்ள தெலர்மச்சாய் குகையில் கிடைத்த எலும்புகள் சாட்சி.

ஆனால் குகையைவிட என்னை அதிகம் உட்கார வைத்தது தெற்குப் பெருவிலுள்ள எல் யரால் என்கிற ஊர்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் அது; இன்காக்களுக்கும் முந்தைய காலம். அங்கே வீட்டுத் தரைகளுக்கு அடியில் பலி கொடுத்துப் புதைத்த லாமாக்களும் அல்பாக்காக்களும் கிடைத்தன. பாலைவன வறட்சியில் உடல்கள் கெடாமல் தோலும் ரோமமுமாக அப்படியே காய்ந்து இருந்தன. ஜேன் வீலர் என்கிற தொல்விலங்கியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அந்த ரோமத்தை எடுத்து அளந்து பார்த்தார்கள். இன்றைய அல்பாக்காவின் இழையைவிட மெல்லியது, ஒரே உடம்பில் இழைக்கு இழை வித்தியாசமும் குறைவு! அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த சரக்கு இன்றைக்கு உள்ளதைவிட உயர்ந்த தரம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல் யரால் இருப்பது பனிமலை உச்சியில் அல்ல, சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில். நம் ஏற்காட்டைவிடத் தாழ்வு. அல்பாக்கா என்றால் நாலாயிரம் மீட்டருக்கு மேலேதான் வாழும் என்பது அதன் இயற்கை அல்ல, பிறகு அதற்கு நேர்ந்த கதி.

நேர்ந்தது என்னவென்று பார்ப்போம். இன்கா அரசில் துணிதான் செல்வம். தங்கம் அழகுக்கு, படைவீரனுக்குக் கூலியாகவும், அடங்கிய சிற்றரசனுக்குப் பரிசாகவும், தெய்வத்துக்குக் காணிக்கையாகவும் போனது துணி. கும்பி என்று அவர்கள் சொன்ன உயர்ந்த ரகத் துணியை நெய்வதற்கென்றே தேர்ந்தெடுத்த பெண்களைத் தனி வீடுகளில் வைத்திருந்தார்கள். அரசின் மந்தை, கோயிலின் மந்தை என்று தனித்தனியாகப் பிரித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். கிப்பு என்பது அந்த முடிச்சுக் கணக்கின் பெயர். எழுத்தே இல்லாத ஒரு பேரரசு கால்நடைக் கணக்கை முடிச்சிலேயே முடித்துக்கொண்டது என்று படித்தபோது, இருப்புநிலைக் குறிப்பு சமன் ஆகாமல் நாங்கள் முழிப்பதை நினைத்துக்கொண்டேன் :-)

1532ல் ஸ்பானியர் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வெள்ளி. ஆடு வளர்க்கத் தெரியும், கூடவே கொண்டு வந்தார்கள். அல்பாக்கா அவர்கள் கண்ணுக்கு உள்ளூர் இறைச்சி. போரும் நோயும் மேய்ப்பவர்களைக் கொன்றன, கத்தி மந்தையைக் கொன்றது, மிச்சத்தைச் சொறி நோய் தின்றது. நூறு ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. மேய்ச்சல் நிலத்தையெல்லாம் செம்மறியாடு பிடித்துக்கொள்ள, மீந்த அல்பாக்காக்கள் ஆடு ஏறமுடியாத, காற்றே மெல்லியதான மேட்டுப் புல்வெளிக்குத் தள்ளப்பட்டன. எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்கிற பல தலைமுறைப் படிப்பும் மேய்ப்பர்களோடு போய்விட்டது. லாமாவும் அல்பாக்காவும் கலந்தன. இழை தடித்தது அப்படித்தான்.

அங்கே மேலே மீந்தவர்களிடம் அல்பாக்கா என்னவாக இருந்தது என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரோமம் விற்பனைக்கு. இறைச்சி உணவுக்கு, உலர்த்தி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் ‘சார்க்கி’ என்கிற பெயர்தான் ஆங்கிலத்தில் ‘ஜெர்க்கி’ ஆனது. தோல் படுக்கைக்கு. மரமே முளைக்காத உயரத்தில் புழுக்கைதான் அடுப்பெரிக்க. வருஷத்தில் ஒருநாள் காதில் வண்ண நூல் குஞ்சம் கட்டிக் கொண்டாடுவார்கள், நம் மாட்டுப் பொங்கல் மாதிரி. அன்பு உண்டு, ஆனால் அடித்துச் சாப்பிடவும் செய்வார்கள்.

ஐரோப்பாவுக்கு அல்பாக்காவின் மதிப்பைக் காட்டியவர் டைட்டஸ் சால்ட் என்கிற பிராட்ஃபோர்டு நகரத்து கம்பளி வியாபாரி. 1836ல் லிவர்பூல் கிடங்கு ஒன்றில் யாரும் சீந்தாமல் கிடந்த அல்பாக்கா ரோம மூட்டைகளைப் பார்த்தார். பிடி அள்ளிக்கொண்டு போய் நூற்றுப் பார்த்தார், பிறகு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். (இந்தக் கதையைச் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் 1852ல் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்.) சால்ட் செய்தது எளிமையான வித்தை: பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்கு அல்பாக்கா. பட்டு மாதிரிப் பளபளப்பு, பட்டைவிடக் குறைந்த விலை. நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் விட்டுவைப்பார்களா? அந்தப் பணத்தில் சால்ட் ஏர் நதிக்கரையில் சால்டேர் என்று ஒரு ஊரையே கட்டினார். 1853ல், தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று ஆலையைத் திறந்தார். தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு, மதுக்கடை மட்டும் கிடையாது. 2001ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த ஊர் இடம்பெற்றது. நம் வக்கீல்களின் கோட்டுத் துணி பிறந்ததும் இந்த மாதிரி ஆலைகளில்தான்.

ரோமம் இத்தனை லாபம் தருமானால் மிருகத்தையே கொண்டுவந்து வளர்த்தால் என்ன? 1844ல் வில்லியம் வால்டன் என்பவர், அல்பாக்காவைப் பிரிட்டனில் குடியேற்றுவது நாட்டுக்கு நன்மை என்று ஒரு புத்தகமே போட்டார். விக்டோரியா ராணி விண்ட்சரில் இரண்டு வைத்திருந்தார். அவற்றின் ரோமம் அதே ஆண்டு சால்ட்டிடம் துணியாக்க அனுப்பப்பட்டது. டெர்பி பிரபுவும் நோஸ்லியிலிருந்த தன் சொந்த விலங்குக் காட்சியகத்தில் ஒரு மந்தை வைத்திருந்தார். 1851ல் அவர் இறந்ததும் காட்சியகம் ஏலத்துக்குப் போனது. கூட்டம் சின்னது, பெயர் பெரியது, வருமானம் பூஜ்யம். செல்லப் பிராணி அல்பாக்காவின் வரலாறு பிரபுக்கள் தோட்டத்தில் இப்படித்தான் தொடங்குகிறது.

பெரு அரசு சும்மா இருக்குமா? உயிருள்ள அல்பாக்கா ஒன்றுகூட நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று தடை போட்டது. ஏகபோகத்தைக் காப்பாற்ற எந்த வியாபாரியும் செய்வதுதான். தடை என்று வந்தால் கடத்தல்காரனும் வருவான். வந்தவர் சார்லஸ் லெட்ஜர், பெருவில் குடியேறி ரோமமும் மரப்பட்டையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஆங்கிலேயர். 1850களில் பொலிவியா, அர்ஜென்டினா வழியாகச் சுற்றி, பனி மூடிய ஆண்டிஸைத் தாண்டி, மந்தையைச் சிலிக் கடற்கரைக்கு ஓட்டிவந்தார். வழியில் குளிரிலும் பசியிலும் ஏராளமானவை செத்தன. 1858 நவம்பரில் சிட்னி துறைமுகத்தில் இறங்கியவை 256. அந்தப் பயணத்தைச் சித்திரமாகத் தீட்டிய சாண்டியாகோ சாவேஜின் ஓவியப் புத்தகம் இன்றும் சிட்னியிலுள்ள மாநில நூலகத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் அரசு மந்தையை 15,000 பவுனுக்கு எடுத்துக்கொண்டது. லெட்ஜரின் செலவுக்கு அது கட்டவில்லை. அரசுக்கும் கட்டவில்லை. மெரினோ ஆடு ஏற்கெனவே அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்டில் அல்பாக்காவுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? சில ஆண்டுகளில் அரசு கைகழுவியது, மந்தை சிதறிப்போனது.

லெட்ஜர் பற்றி ஒரு கொசுறு, நம் ஊர் சம்பந்தப்பட்டது. கொய்னா மருந்து எடுக்கும் சின்கோனா மர விதைகளை 1865ல் பொலிவியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பியவரும் இவரே. பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை விதை வாங்கி ஜாவாவில் நட்டார்கள். நீலகிரியில் 1860லிருந்து பிரிட்டிஷார் வளர்த்த சின்கோனாவில் கொய்னா சத்து குறைவு. ஜாவா மரத்தில் சத்து பல மடங்கு. உலகச் சந்தை ஜாவாவுக்குப் போனது, நடுவட்டம் பக்கம் தோட்டங்கள் நொடித்தன. அந்த விதையை உண்மையில் தேடிச் சேகரித்தவர் மானுவேல் இன்க்ரா மமானி என்கிற பழங்குடி மனிதர். விதை கடத்தினார் என்று பின்னால் பிடித்துச் சிறையில் அடித்தார்கள். அதிலேயே அவர் செத்துப்போனார். மரத்துக்கு வைத்த பெயர் லெட்ஜருடையது.

அடுத்த கட்டத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் தாவ வேண்டும். 1984 வாக்கில் அமெரிக்காவில் அல்பாக்காக்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இறங்கத் தொடங்கின, முதலில் சிலியிலிருந்து. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் அதே பத்தாண்டில்தான் திரும்ப வந்தன. அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஒரு பதிவேடு ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு குட்டிக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, தாய் தகப்பன் உறுதியானால்தான் பதிவு. பங்குச் சான்றிதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டோடு வெளிநாட்டிலிருந்து வருவதைப் பதிவேட்டில் சேர்க்கமாட்டோம் என்று கதவைச் சாத்தினார்கள். இறக்குமதியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் பதிவு இல்லாத அல்பாக்காவை யார் வாங்குவார்கள்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரு சட்டம் போட்டுச் செய்ததை இவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் செய்துவிட்டார்கள்.

விலை ஏறியது. நல்ல பெட்டை ஒன்று இருபதாயிரம் டாலர் தாண்டியது, பேர்போன கிடாக்கள் லட்சங்களில். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. ஓய்வுபெற்ற தம்பதிகள் இலக்கு: நகரத்தை விட்டு வாருங்கள், ஐந்து பெட்டை வாங்குங்கள், வருஷம் ஒரு குட்டி போடும், குட்டியை விற்றால் வருமானம், அதுவரை கொஞ்சி மகிழலாம். வாங்கிய விலையை அந்த ஆண்டே வருமான வரியில் கழித்துக்கொள்ள வழியும் இருந்தது. அல்பாக்காவைச் சின்னக் கூட்டமாகக் கொல்லையில் வளர்க்கும் இன்றைய வழக்கம் பெரும்பாலும் இந்த விளம்பரம் போட்ட விதை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? ஒரு அல்பாக்காவிடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இரண்டிலிருந்து நான்கு கிலோ ரோமம் கிடைக்கும். தீவனம், மருத்துவர், ரோமம் கத்தரிக்கும் கூலி எல்லாம் போக, தாராளமாகவே ஆண்டுக்கு 100 டாலர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுகள், ஆறு சதவீத வட்டி. இன்றைய மதிப்பு என்ன? எங்கள் பாட அட்டவணைப்படி 971 டாலர். இருபதாயிரம் எங்கே, தொள்ளாயிரத்துச் சொச்சம் எங்கே! நடுவிலிருக்கும் மீதி முழுவதும் அடுத்து வாங்குபவன் தருவான் என்கிற நம்பிக்கை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துப் பொருளியலாளர்கள் டீனா சைடோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் இருவரும் 2007ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் சொன்னதன் சாரமும் இதுதான்: ரோமத்தின் வருமானம் இந்த விலையைத் தாங்காது, இது ஊதிய குமிழி. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. சில ஆண்டுகளுக்குள், ஆயிரக்கணக்கில் வாங்கிய அல்பாக்காவை நூற்றுக்கணக்கில் விற்றார்கள். பிறகு, வந்து ஓட்டிக்கொண்டு போனால் போதும், இலவசம் என்றார்கள்.

முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இங்கேதான் தேவைப்படுகிறது. ஆண்டிஸில் அல்பாக்காவின் விலை எவ்வளவு சரிந்தாலும் ஒரு தரை உண்டு. ரோமம் விலை போகாவிட்டால் இறைச்சி, அதுவும் இல்லாவிட்டால் தோல், அடுப்புக்குப் புழுக்கை. அமெரிக்காவில் அதை உண்பதில்லை. பெயர் வைத்துக் கொஞ்சியதை எப்படி வெட்டுவது? ரோமத்தைப் பெரிய அளவில் வாங்கி நூற்க ஆலைகளும் போதவில்லை. அடுத்து வாங்குபவன் வராத நாளில் கீழே எதுவுமே இல்லை.

நமக்கு இது புதிதல்ல. 2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். ஈமு முட்டையும் எண்ணெயும் இறைச்சியும் உலகமே வாங்கக் காத்திருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் முதலீடு வாங்கினார்கள், மாதாமாதம் பணம் தருவோம் என்றார்கள். நிறுவனத்தார் ஓடியதும் கொட்டகைகளில் பறவைகள் பட்டினி கிடந்தன, கால்நடைத்துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஈமுவில் நடந்தது மோசடி என்று நீதிமன்றமே தண்டித்தது. அல்பாக்காவில் விற்றவர்களும் பெரும்பாலும் நம்பித்தான் விற்றார்கள், அவர்களும் சேர்ந்தே முங்கினார்கள். ஆனால் கொட்டகையில் நிற்கும் உயிருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எங்கள் பாடத்தில் ஒரு சொத்தின் மதிப்பு போய்விட்டால் கணக்கில் தள்ளுபடி எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். அல்பாக்கா பதினைந்து, இருபது ஆண்டு வாழும். தள்ளுபடி எழுதிய மறுநாள் காலையிலும் புல்லுக்கு வந்து நிற்கும். அமெரிக்காவில் கைவிட்ட அல்பாக்காக்களுக்கு அடைக்கலம் தரும் இடங்கள் முளைத்தது இப்படித்தான். இனவிருத்திக்கு வேண்டாத கிடாக்களைக் காயடித்து, செல்லமாக வளர்ப்பவர்களுக்கு மலிவாகக் கொடுப்பதும் பெருகியது. முதலீடாக வந்தது செல்லமாக மீந்தது.

வளர்ப்பது சுலபமா என்றால், ஓரளவு சுலபம்தான். காலடி மெத்தென்று இருப்பதால் புல்வெளியைக் கிளறாது. மேலே முன்பல் கிடையாது, வேரோடு பிடுங்காமல் நறுக்கி மேயும். எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போடும், பெருக்குகிறவருக்கு வேலை மிச்சம். ‘ம்ம்ம்’ என்று மெல்ல முனகும். ஒன்றோடொன்று தீவனத்துக்குச் சண்டை வந்தால் பாதி செரித்த பச்சைக் குழம்பைத் துப்பும்; நடுவில் நின்றால் உங்கள் சட்டையும் போச்சு. வருஷம் ஒருமுறை ரோமம் கத்தரிக்க வேண்டும், நகமும் சில சமயம் பல்லும் வெட்ட வேண்டும். இங்கிலாந்து போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வெயில் போதாமல் எலும்பு வளையும் என்பதால் வைட்டமின் டி கொடுக்கிறார்கள். நாலாயிரம் மீட்டர் வெயிலுக்குப் பழகிய உடம்பு அல்லவா?

ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கவே கூடாது. குறைந்தது மூன்று என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டு வைத்து ஒன்று செத்தால் மற்றது தனித்துவிடும். தனியாக விட்டது தின்னாமல் ஏங்கிப்போகும். அதைவிட விபரீதம் இன்னொன்று உண்டு. கிடாக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வீட்டுக்குள் புட்டிப்பால் கொடுத்து, நாய்க்குட்டி மாதிரிக் கொஞ்சி வளர்த்தால் அது மனிதனைத் தன் இனம் என்று நினைத்துக்கொள்ளும். பருவம் வந்ததும் இன்னொரு கிடாவோடு மோதுவதுபோல் வளர்த்தவர் மேலேயே பாயும். மந்தையிலேயே வளர்ந்தது மனிதனிடம் ஒரு எட்டு தள்ளியே நிற்கும். அதுதான் ஆரோக்கியம். கட்டிப்பிடித்துக் கொஞ்சும் விளம்பரப் படங்களில் இதைச் சொன்னதில்லை.

செல்லமா, கால்நடையா என்கிற கேள்வி சட்டம்வரை போனது இங்கிலாந்தில். 2017ல் நியூசிலாந்திலிருந்து வந்த ஜெரோனிமோ என்கிற கறுப்பு அல்பாக்காவுக்கு மாட்டுக் காசநோய் என்று பரிசோதனை இரண்டு முறை சொன்னது. கால்நடை என்றால் விதி ஒன்றே: கொல்ல வேண்டும். பரிசோதனை முறையே தவறு என்று உரிமையாளர் நான்கு ஆண்டு வழக்காடினார். லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நான்கு ஆண்டும் ஜெரோனிமோ மற்ற அல்பாக்காக்களோடு சேராமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று அதிகாரிகள் போலீசோடு வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அன்றே கொன்றுவிட்டார்கள். உடலை அறுத்துப் பார்த்து, காசநோய்க்குரியது போன்ற புண்கள் இருந்தன என்றார்கள். அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்ய முடியவில்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள்.